காக்கா பண்ணது பாதி, நான் தேச்சது மீதி

காக்கா எச்சம் விழுந்து மூணு நாள் ஆச்சு, நான் கண்டுக்கவே இல்ல. நாலாவது நாள் பாத்தா பானட்ல ரெண்டு இடம், ரூஃப்ல ஒரு இடம், காஞ்சு கல்லு மாதிரி ஒட்டிட்டு இருக்கு. காரு கருப்பு கலரு வேற. பழைய துண்டை எடுத்து வறவறன்னு தேச்சேன், போகல, கொஞ்சம் தண்ணி தெளிச்சு தேச்சேன், அப்பவும் போகல, சரின்னு பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரை எடுத்தேன் பாருங்க, அங்கதான் சனி பிடிச்சுது.

எச்சம் போயிடுச்சு, கூடவே பளபளப்பும் போயிடுச்சு. பானட்ல உள்ளங்கை அகலத்துக்கு ரெண்டு வட்டம், சாம்பல் பூத்த மாதிரி. வீட்ல வெளிய வந்து பாத்துட்டு "ஏங்க, காக்கா இவ்ளோ பெருசாவா போச்சு?"ன்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

முதல்ல பண்ண முட்டாள்தனம் வாக்ஸ். ரெண்டு கோட் போட்டு துடைச்சதும் எல்லாம் மறைஞ்சு போச்சு, அடடா இவ்ளோதானான்னு இருந்துச்சு. மூணாவது வாஷ்ல மொத்தமும் திரும்ப வந்துருச்சு. வாக்ஸ் கீறலுக்குள்ள போய் உக்காந்து அதை மறைக்குது, அவ்ளோதான், கீறல் எங்கயும் போகல.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். தகடு மேல பிரைமர், அது மேல கலர், அதுக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு எல்லாம் இந்த கடைசி லேயர்லதான், அதோட கனம் சுமாரா 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடியை விட மெல்லிசு. எச்சத்துல வெள்ளையா இருக்கே அது யூரிக் ஆசிட், தண்ணில லேசுல கரையாது, அதனாலதான் நான் தண்ணி தெளிச்சும் அசையல. அதுக்குள்ள மண்ணு, விதை, பொடிக்கல்லுன்னு எல்லாம் கிடக்கும். அதை காய வச்சு தேச்சா நம்ம கையாலயே உப்புத்தாள் போட்ட மாதிரிதான். ஸ்க்ரப்பரைப் பத்தி கேக்கவே வேணாம், அதுலயே தேய்க்கிற தூள் ஒட்டித்தான் இருக்கு.

ஒரு பெயிண்டிங் பட்டறைல காமிச்சேன். அவர் கிட்ட வந்து குனிஞ்சு கூட பாக்கல, "பானட் முழுசா அடிச்சிடலாம் சார்"னாரு. கம்பெனி பெயிண்டை எடுத்துட்டு புதுசா அடிக்க மனசு வரல. வீட்டுக்கு வந்து ரெண்டு டெஸ்ட் பண்ணேன். தண்ணி ஊத்துனா கீறல் மறையுதா? மறைஞ்சுது, அப்போ கிளியர் கோட்டோட நின்னிருக்கு. நகத்தை குறுக்க ஓட்டுனா மாட்டுதா? மாட்டுனா பாலிஷ்ல போகாத ஆழம். பானட்ல மாட்டல. ரூஃப்ல ஒரே ஒரு கோடு மட்டும் மாட்டுச்சு.

முதல்ல கையாலயே காம்பவுண்ட் போட்டேன், கிளியர் கோட்டை லேசா தேய்ச்சு எடுக்கற பேஸ்ட் அது. ரெண்டு மணி நேரம், தோள்பட்டை கழண்டு விழற அளவுக்கு தேச்சதுக்கு ஓரத்துல இருந்த சின்ன கீறல்கள்தான் போச்சு, நடுவுல அப்படியே இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட டியூயல் ஆக்ஷன் பாலிஷர், அதாவது சுத்திக்கிட்டே ஆடுற பாலிஷ் மெஷின் இருந்துச்சு, பெயிண்ட் கனம் பாக்குற கேஜும் வச்சிருந்தான். அளந்தா பானட்ல மொத்தம் 112 மைக்ரான். ஆனா கேஜ் எல்லா லேயரையும் சேத்துதான் காட்டும், அதுல கிளியர் எவ்ளோன்னு தனியா சொல்லாது. "ஊகத்துலதான்டா பண்ணனும், ஓரத்துப் பக்கம் மட்டும் போயிடாத, அங்க பெயிண்ட் மெல்லிசா இருக்கும்"னு சொல்லிட்டு மெஷினை குடுத்துட்டு போயிட்டான்.

காரை நல்லா கழுவி, நிழல்ல நிறுத்தி, ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுனேன். இதை சோம்பேறித்தனமா விட்டா காம்பவுண்ட் பிளாஸ்டிக்ல காஞ்சு வெள்ளையா பிடிச்சுக்கும், அதை எடுக்கறது தனி வேலை. முதல்ல மெஷின் மட்டும் போட்டு பாத்தேன், சின்ன வட்டம் தெளிஞ்சுது, பெரிய வட்டத்துல ஆழமான கீறல் அப்படியே நின்னுச்சு. வேற வழியில்லாம வாட்டர் பேப்பர், தண்ணி விட்டு தேய்க்கிற நைசான உப்புத்தாள். 2000 நம்பர், அரை மணி நேரம் தண்ணில ஊறவச்சு, சின்ன ரப்பர் பிளாக்ல சுத்தி, சோப்பு தண்ணி விட்டு விட்டு லேசா.

புது கார் பெயிண்ட்ல வாட்டர் பேப்பரை வைக்கிறப்ப வந்த நடுக்கம் இருக்கே, முதல் பத்து இழுப்புக்கு மூச்சே விடல. ஏன்னா தேய்க்க தேய்க்க அந்த இடம் இன்னும் மங்கலாத்தான் ஆகும், கெட்டு போற மாதிரியே இருக்கும், அதுதான் சரியான பாதைன்னு நம்பி போகணும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாத்துட்டே இருந்தேன், வழியிற தண்ணி பால் மாதிரி வெள்ளையா இருக்கற வரைக்கும் அது கிளியர் கோட், கறுப்பு இறங்குச்சுன்னா கலர் லேயருக்கு போயாச்சு, அப்புறம் பட்டறைக்காரர் சொன்னதுதான் நடக்கும். இருபது இழுப்புக்கு ஒரு தடவை துடைச்சு டார்ச் அடிச்சு பாத்தேன். அப்புறம் அதைவிட நைசான 3000 நம்பர், அப்புறம் மெஷின்ல காம்பவுண்ட், கடைசியா சாஃப்ட் பேட்ல பாலிஷ். மெஷினை ஒரே இடத்துல நிக்க விடல, அப்பப்ப கையை வச்சு சூடு பாத்தேன்.

முடிச்சதும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து துடைச்சேன், வாக்ஸ் கத்துக்குடுத்த பாடம், பாலிஷ் எண்ணெய் மறைச்சு ஏமாத்துதான்னு பாக்க. இல்ல, உண்மையாவே போயிருந்துச்சு. கேஜ் 107 காட்டுச்சு, கேஜுக்கே ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும், ஆனாலும் அஞ்சு மைக்ரானை தின்னுட்டோமேன்னு கொஞ்சம் வலிச்சுது.

ரூஃப்ல நகம் மாட்டுன கீறலுக்கு, கதவு தூண் ஸ்டிக்கர்ல கலர் நம்பர் பாத்து டச்-அப் பெயிண்ட் வாங்கி, பல்குச்சி நுனில தொட்டு நிரப்புனேன். கிட்ட போனா தெரியும்.

இப்போ கார்ல எப்பவும் ஒரு தண்ணி பாட்டில், டிஷ்யூ, மைக்ரோஃபைபர் துணி இருக்கு. நனைச்ச டிஷ்யூவை எச்சத்து மேல போட்டு பத்து நிமிஷம் ஊற விட்டு, தேய்க்காம அப்படியே கிள்ளி தூக்குறது, மிச்சம் இருந்தா இன்னொரு டிஷ்யூ. வெயில்ல கொதிக்கிற பானட்னா முதல்ல நிழலுக்கு.

ஆனா ரூஃப்ல எச்சம் இருந்த இடத்துலயே ஒரு தழும்பு இன்னும் இருக்கு. அது என் ஸ்க்ரப்பர் வேலை இல்ல, மூணு நாள் வெயில்ல கிளியர் கோட் இளகி விரிஞ்சு, ராத்திரி குளிர்ல காஞ்ச எச்சத்தை சுத்தி இறுகி, அதோட வடிவத்தையே பிடிச்சுக்கிச்சு. ரெண்டு தடவை பாலிஷ் போட்டும் முழுசா போகல. வாட்டர் பேப்பரை கைல எடுத்தேன், வெயில் நேரா விழுற ரூஃப்ல கிளியர் கோட்டை குறைச்சா நாளைக்கு உரிஞ்சு வரும்னு நெனச்சு திரும்ப வச்சுட்டேன். மாடில இருந்து சாயங்கால வெயில்ல பாத்தா மட்டும் தெரியுது, நானா காமிச்சாத்தான் மத்தவங்களுக்கு.