கணினிக்கு ஒரு செக்ரோல்

கோயில் கணக்கை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தட்டி, கடைசி வரிக்கு வந்தபோது திரை நீலமாகிவிட்டது. ஒரு சோக முகம், அதற்குக் கீழே ஏதோ ஆங்கிலம். படிப்பதற்குள் பெட்டி தானே அணைந்து தானே எழுந்தது. 2024 தீபாவளிக்கு மறுவாரம் அது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் பிறகு சங்கப் பதிவிலாகாவுக்கும் காட்ட வேண்டிய கணக்கு. பொருளாளர் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. மலேசியத் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் ஓய்வுபெற்று, சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) குடியேறினால், கோயில் கணக்குப் புத்தகம் தானே நடந்து வந்து அவன் மேசையில் ஏறிக்கொள்ளும்.

பெட்டி 2014இல் ஈப்போவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, நான்கு ஜிபி ரேம் (நினைவகப் பலகை) இரண்டு, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7உடன் வந்து, 2015இல் இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் 10க்கு மாறியது. ரப்பர் மரமாக இருந்தால் பத்து வயது நன்றாகப் பால் கொடுக்கும் பருவம். கணினிக்கு அது கிழப்பருவமாம்.

அந்த மாதத்தில் இப்படி ஏழெட்டு முறை விழுந்தது. ஃபார்மட் செய்தால், அதாவது டிஸ்க்கைத் துடைத்து விண்டோசைப் புதிதாகப் போட்டால், சரியாகிவிடும் என்றான் அக்கா மகன். கோயில் செயலாளரும் அதையே சொன்னார். ஒரு கடையில் எண்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துச் செய்தேன். நான்காம் நாள் மறுபடியும் விழுந்தது. திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் ஐயா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பத்து வருடம் ஆகிவிட்டதே!" வயதைச் சொன்னாரே தவிர, நோயைச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குக் கணினி தெரியாது, ஆனால் பதிவு தெரியும். தோட்டத்தில் செக்ரோலில், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேட்டில், ஒரு நாள் விடுபட்டால் ஒருவருடைய சம்பளம் குறையும். காலைப் பெரட்டு (ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்ததும் ஆபீசுக்குப் பின்னால் இருந்த மழைமானியை எடுத்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவதும் என் வேலைதான். நேற்று மழை எப்படி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். 'பலத்த மழை' என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்ன நாளில் மானியில் நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். கணினி விஷயத்திலும் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். 'அடிக்கடி விழுகிறது', 'வெயில் நேரத்தில் விழுகிறது', 'வீடியோ பார்த்தால் விழுகிறது'. எழுதிப் பார்த்தால்தானே தெரியும்?

ஒரு பள்ளி நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், திரையில் என்ன வந்தது, வெளியே மழையா வெயிலா. அன்று இரவே கோயில் கோப்புகளையும் பேரப்பிள்ளைகளின் படங்களையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம் அது. ஃபார்மட் செய்தபோது கடைக்காரர் எல்லாவற்றையும் பத்திரமாகத் திருப்பித் தந்தது என் அதிர்ஷ்டம்.

அடுத்து, நீலத் திரையை நிற்க வைக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் பகுதிக்குப் போய், அட்வான்ஸ்டு என்ற தாவலில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி'யைத் திறந்தால், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்று ஒரு குறி இருக்கும். அதை எடுத்துவிட்டால் பெட்டி தானாக எழுந்திருக்காது. திரையில் உள்ளதை நாம் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

மூன்று வாரம் எழுதினேன். பதினெட்டு வரிகள் சேர்ந்தன. நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அது ஒரு கோளாறே இல்லை, இரண்டு. ஏழு முறை நீலத் திரை வந்திருந்தது. பதினொரு முறை நீலமும் இல்லை, எழுத்தும் இல்லை. யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல் சட்டென்று இருட்டாகி, மறுபடி முதலிலிருந்து ஓடியிருந்தது. இரண்டையும் 'விழுகிறது' என்ற ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டிருந்ததால், ஒரே மருந்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

விண்டோசும் தன் பங்குக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவர் என்று பெயர். அதில் திடீர் அணைப்பு ஒவ்வொன்றுக்கும் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் ஒரு வரி இருந்தது. பார்த்ததும் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்தேன். அக்கா மகன்தான் அடக்கினான். "மாமா, போன முறை ஒழுங்காக மூடாமல் நின்றுவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்லாது." வேலைக்கு வராதவன் பெயருக்கு நேரே நாமும் 'ஆப்சென்ட்' என்றுதானே போடுவோம்? அவனுக்குக் காய்ச்சலா, கல்யாணமா என்று செக்ரோலுக்குத் தெரியாது.

முதலில் சூட்டைப் பார்ப்போம் என்று பக்கப் பலகையைக் கழற்றினோம். உள்ளே பத்து வருடத் தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. செயலியின் காற்றாடிக்கு அடியில் ஒரு பல்லி, எலும்பு மட்டும். தூரிகையால் துடைத்து, செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவில் காய்ந்து கல்லாகியிருந்த வெப்பப் பசையைச் சுரண்டி எடுத்து, பன்னிரண்டு வெள்ளிக்குப் புதுப் பசை வாங்கித் தடவினோம். முழு வேகத்தில் ஓடும்போது 94 பாகை செல்சியஸ் காட்டியது 69க்கு இறங்கியது. இரைச்சலும் அடங்கியது. மூன்றாம் நாள் நீலத் திரை வந்தது. சூடு குற்றவாளி அல்ல, ஆனால் பல்லியை வெளியேற்றிய நிம்மதி இருந்தது.

நீலத் திரையின் ஏழு வரிகளில் குறிப்பு ஒன்றாக இல்லை. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', ஒரு நாள் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', இன்னொரு நாள் 'ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. ஏதாவது ஒரு மென்பொருளோ, பாகங்களை இயக்கும் டிரைவரோ கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். நாளுக்கொரு புகார் வந்தால் முதலில் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிட்டேன். விடியற்காலை எழுந்து பார்த்தால் திரை நிறையச் சிவப்பு வரிகள்.

இங்கே அவசரப்பட்டு இரண்டு ரேமையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஒன்றைக் கழற்றி, ஒன்றை மட்டும் வைத்து ஓட்டினேன். பிறகு மற்றதை. பிறகு துளையை மாற்றி. கெட்டது ரேமா, அது உட்காரும் துளையா என்று அப்படித்தான் பிரித்தறிய முடியும். பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தும் பார்த்தேன், சில நேரம் அதுவே போதுமாம். என் விஷயத்தில் போதவில்லை. ஒரு ரேம் எந்தத் துளையில் வைத்தாலும் பிழை காட்டியது. மற்றது இரண்டிலும் சுத்தம். மூன்று இரவு போனது. முப்பத்தைந்து வெள்ளிக்குப் பழைய டிடிஆர்3 ரேம் ஒன்று வாங்கிப் பூட்டி, மெம்டெஸ்டை நான்கு சுற்று ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்குப் பிறகு இந்தப் பெட்டியில் நீலத் திரை வரவில்லை.

கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் இரவு மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, சட்டென்று இருட்டு.

எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டு கோளாறு என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஒன்று தீர்ந்த மகிழ்ச்சியில் மற்றதை மறந்துவிட்டேன். மறுபடி நோட்டு. இந்த முறை வரிகளில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. காலை, மதியம், நள்ளிரவு. கணக்குப் போடும்போது, சும்மா இருக்கும்போது. மழையிலும் வெயிலிலும். போர்டுதான் போய்விட்டதோ, கடைக்காரரிடமே போய்த் தலைகுனிய வேண்டுமோ என்று நினைக்கத் தொடங்கினேன்.

விடையைச் சொன்னது என் மனைவி. அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்: "ஏங்க, அந்த நோட்டில் ஐஸ்பெட்டியை எழுதினீர்களா? அது உறுமத் தொடங்கும்போதுதான் உங்கள் பெட்டி சாகிறது."

எனக்கு அது கேட்கவே இல்லை. பத்து வருடமாக அந்த உறுமலோடு வாழ்ந்தவனுக்குக் காதில் விழாது. நோட்டில் 'சத்தம்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டேன். அடுத்த ஐந்து அணைப்புகளில் நான்கில் ஐஸ்பெட்டி அந்தக் கணத்தில்தான் ஓடத் தொடங்கியிருந்தது. வேண்டுமென்றே சோதித்தும் பார்த்தேன். ஐஸ்பெட்டியின் குமிழைத் திருகி நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஓட வைத்தேன். உடனுக்குடன் திருகினால் கம்ப்ரசர் கெட்டுவிடும், அதனால்தான் அந்தப் பத்து நிமிடம். ஆறு முறை செய்ததில் இரண்டு முறை கணினி விழுந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதே போதுமாக இருந்தது.

மேசைக்குப் பின்னால் குனிந்தேன். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய நீட்டிப்பு வயர் ஒன்றில் கணினி, திரை, இணைய மோடம், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியிலிருந்து வந்த ஐஸ்பெட்டி எல்லாம் கூட்டுக் குடும்பமாக இருந்தன. ஐஸ்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினால், துளையின் ஓரம் கருகிப் பழுப்பேறியிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வயர்மேன். அவர்தான் விளக்கினார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். உள்ளே தகடு தளர்ந்துபோன வயரில் அந்த இழுப்பு வந்தால், அதே வயரில் தொங்கும் மற்றவற்றுக்கு மின்னழுத்தம் சரிந்துவிடும். "கணினி விழுந்ததோடு போனதே ஐயா, வீடு எரியவில்லை" என்றார். ஐஸ்பெட்டி சுவர் பிளக்குக்குப் போனது. கணினிக்கு முப்பத்தெட்டு வெள்ளியில் தடித்த வயர் ஒன்று வாங்கினேன்.

பத்து நாள் அமைதி. பதினோராம் நாள் மாலை இடியும் மழையும். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. தொலைக்காட்சி அசையவில்லை, மோடம் அசையவில்லை. கணினி மட்டும் விழுந்தது.

அதைக் கேட்டதும் வயர்மேன் தம்பி மல்டிமீட்டரோடு வந்தார். கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பவர் சப்ளையில் மின்தேக்கிகள் இருக்கின்றன. சுவரிலிருந்து மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால், அவை தேக்கி வைத்ததைக் கொடுத்துச் சமாளிக்கும். நல்ல நிலையில் உள்ளது ஏறத்தாழ 16, 17 மில்லிசெகண்ட் தாங்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட்தான். மின்தேக்கி சூட்டில் காய்ந்து கிழமாகும்போது இந்தக் கையிருப்பு கரைந்துவிடுகிறது. பயன்படாமல் தொங்கிய ஓர் இணைப்பியில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவில் அளந்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சும்மா இருக்கும்போது 11.8. செயலியை முழு வேகத்தில் ஓட்டியதும் 11.3. ஐந்து விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி, அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. காற்றோட்டத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, மின்தேக்கி ஒன்றின் தலை பணியாரம்போல் உப்பியிருந்தது. பவர் சப்ளையை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். எனக்கு அதை இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் தம்பி புறப்பட்டார்.

புது பவர் சப்ளை 159 வெள்ளி. ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டோம். கணினியின் கடிகாரத்தைக் காக்கும் வட்ட பேட்டரியையும் கையோடு மாற்றினோம். பெட்டியை மாற்றி மாற்றிப் பிடுங்கியதில் தேதி பல வருடம் பின்னால் ஓடி, வங்கித் தளமெல்லாம் 'பாதுகாப்பில்லை' என்று கதவை மூடிக்கொண்டிருந்தது. 2025 தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அது. பொதுக்கூட்டத்தில் கணக்கை ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வாழை இலைச் செலவைத் தவிர, அது வருடா வருடம் உள்ளதுதான்.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள்) முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளைப் பொதுவாக ஏற்பதில்லை, என்னுடையது நான்கு. அதனால் வங்கி வேலையைக் கைபேசிக்கு மாற்றிவிட்டேன். விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்று அக்கா மகன் நச்சரிக்கிறான். அடுத்த பொதுக்கூட்டம் முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நோட்டில் பாதிப் பக்கம் மிச்சம். மனைவி அதை அடுப்படிக்கு எடுத்துப் போய், கேஸ் தோம்பு (சிலிண்டர்) மாற்றும் தேதிகளை எழுதிவருகிறாள். நான் போட்ட கோடுகளிலேயே எழுதுகிறாள். 'சத்தம்' கட்டம் மட்டும் காலி.