திறக்காத கிளவ் பாக்ஸ்: நான்கு நாள் வேலைக் குறிப்பு

முதல் நாள்

எங்கள் மின்சாரக் காரின் கிளவ் பாக்ஸுக்கு, அதாவது முன்னிருக்கைக்கு எதிரே டேஷ்போர்டில் இருக்கும் மூடி போட்ட பெட்டிக்கு, கைப்பிடி கிடையாது. நடுத்திரையில் பட்டனைத் தொட்டால் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் கொக்கியை விலக்கும், மூடி மெதுவாக இறங்கி வரும். இன்று மாலை தொட்டேன், வரவில்லை. ஐந்தாறு முறை தொட்டும் அப்படியே நின்றது. காரின் ஆவணங்கள் எல்லாம் உள்ளே. போன வாரம்தான் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரையும் அதற்குள் திணித்து வைத்திருந்தேன்.

முதலில் எளிதான வேலைகள். திரையை ரீஸ்டார்ட் செய்தேன். கிளவ் பாக்ஸுக்கு ரகசிய எண் (PIN) பூட்டு போடும் வசதி உண்டு, அது கைதவறி ஆன் ஆகியிருக்குமோ என்று செட்டிங்ஸில் பார்த்தேன், ஆஃபில்தான் இருந்தது. குரலில் சொல்லியும் பார்த்தேன். காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறந்தேன். எதற்கும் அசையவில்லை.

அடுத்த சந்தேகம் 12 வோல்ட் பேட்டரி. ஓட்டும் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, இந்தக் கொக்கி மோட்டார் எல்லாம் இயங்குவது தனியாக இருக்கும் 12 வோல்ட் மின்சாரத்தில்தான். அது சோர்ந்துபோனால் சின்ன மோட்டார்கள் திணறும். கார் ஆனில் இருக்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 13.8 வோல்ட். பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள்

நேற்றே செய்திருக்க வேண்டிய சோதனையை இன்று செய்தேன். ஏசி ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூடியில் காதை வைத்துக்கொண்டேன். மகள் திரையில் பட்டனைத் தொட்டாள்.

“அப்பா, ஏதாவது கேக்குதா?”

கேட்டது. மெல்லிய ஒரு ‘டிக்’. விரல் நுனியை மூடியின் மேல்விளிம்பில் வைத்தபோது சின்ன அதிர்வும் தெரிந்தது. இந்த ஒரு சத்தம் பாதி வேலையை மிச்சப்படுத்திவிடும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ஒயர், கனெக்டர், மோட்டார் என்று தேட வேண்டும். கேட்டால், கட்டளை மோட்டார் வரை போய்ச் சேர்கிறது. கொக்கி, மூடி, அவை உட்காரும் விதம் இவற்றில்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் சத்தம் மெலிதாக இருந்ததால், மின்சாரம் முழு அளவில் வருகிறதா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். டேஷ்போர்டின் ஓரத்தில், கதவைத் திறந்தால் தெரியும் பக்க மூடி வெறும் கிளிப்பில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாகக் கழற்றினேன். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் ஓரம் நிச்சயம் கீறும். எங்கள் காரில் கொக்கிக்குப் போகும் கனெக்டர் அந்த இடைவெளியிலேயே கைக்கு எட்டியது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: டேஷ்போர்டில் ஏர்பேக் இருக்கிறது. மஞ்சள் கனெக்டர், மஞ்சள் ஒயர் எதிலும் மீட்டர் முனையை வைக்கக் கூடாது. காரில் எங்கே ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டாலும் அது உயர் மின்னழுத்தம், வீட்டில் தொடுகிற சமாச்சாரமே இல்லை.

மல்டிமீட்டரை வைத்து மகளைத் தொடச் சொன்னேன். 2 வோல்ட் காட்டியது. அடுத்த முறை 7, அப்புறம் பூஜ்யம். ஒயரில்தான் கோளாறு என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். பிறகுதான் புரிந்தது: மோட்டாருக்கு மின்சாரம் கண் சிமிட்டும் நேரம்தான் வருகிறது, சாதாரண டிஜிட்டல் மீட்டரோ நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கிறது. அதற்குள் எல்லாம் முடிந்துபோகிறது. மீட்டரை எடுத்துவிட்டு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்றை இணைத்தேன். ஒவ்வொரு தொடுதலுக்கும் பளிச்சென்று ஒரே அளவில் மின்னியது. மின்சாரம் நன்றாகவே வருகிறது.

அப்படியானால் மோட்டார் இழுக்கிறது, கொக்கி வரவில்லை. கம்ப்ரஸர் உள்ளிருந்து மூடியை வெளியே தள்ளுகிறது. மூடியில் இருக்கும் கம்பி அந்த அழுத்தத்தோடு கொக்கியின் மேல் ஏறி நிற்கிறது. அந்த உராய்வை மீறிக் கொக்கியை நகர்த்த இந்தச் சின்ன மோட்டாருக்குத் தெம்பு போதாது. மூடியின் மேல்விளிம்பில் கொக்கிக்கு நேராக உள்ளங்கையை வைத்து உள்பக்கம் அழுத்திக்கொண்டு, “இப்போ தொடு” என்றேன். இரண்டு முறை ஏமாற்றம். மூன்றாவது முறை சத்தம் நன்றாகக் கேட்டது, கையை எடுத்ததும் மூடி இறங்கியது. மகள் கைதட்டினாள். எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள்

உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தேன், துடைத்தேன், காலியாக மூடினேன். மறுபடி திறக்கவில்லை!

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நேற்று போலவே உள்பக்கம் அழுத்திப் பார்த்தேன், பயனில்லை. ஆனால் சத்தம் இப்போது பலமாக, முழுதாகக் கேட்கிறது. கொக்கி விலகுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. பின் ஏன் மூடி வரவில்லை? கொக்கி விலகியிருப்பது கொஞ்ச நேரம்தான், அதற்குள் மூடி நாலைந்து மில்லிமீட்டராவது வெளியே வந்துவிட வேண்டும். வராவிட்டால் கொக்கி திரும்பி வந்து அதே இடத்தில் பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் மூடியை வெளியே தள்ள வேண்டிய ஏதோ ஒன்று இல்லை.

அகலமான டேப்பை மூடியில் ஒட்டி, ஒரு வளையம் போல விட்டு, அதைப் பிடித்து லேசாக வெளியே இழுத்துக்கொண்டு பட்டனைத் தொட்டேன். முதல் தடவையிலேயே திறந்தது.

டார்ச் அடித்து வாயின் இரண்டு மேல்மூலைகளையும் பார்த்தேன். இடப்பக்கம் பட்டாணி அளவில் கறுப்பு ரப்பர் குமிழ். வலப்பக்கம் அது இருந்த துளை மட்டும். எப்போது விழுந்தது என்று தெரியவில்லை, காருக்குள் எங்கும் கிடைக்கவும் இல்லை. மூடும்போது சற்றே நசுங்கி, கொக்கி விலகியதும் மூடியை வெளியே உந்துவது இந்தக் குமிழ்களின் வேலை. ஒன்று விழுந்த பிறகும் இத்தனை நாள் மூடி திறந்ததற்குக் காரணம், உள்ளே அடைந்திருந்த தடித்த புத்தகமும் ஃபைலும் அந்த உந்துதலைக் கொடுத்துக்கொண்டிருந்தன. கம்ப்ரஸர் வந்ததும் உந்துதல் அளவுக்கு மீறிப்போனது. எல்லாவற்றையும் எடுத்ததும் அடியோடு இல்லாமல் போனது.

மாற்றுக் குமிழ் எவ்வளவு தடிமன் வேண்டும்? குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டை எடுத்து, பாலிதீனில் சுற்றி, துளை இருந்த இடத்தில் ஒட்டி மூடியை மூடினேன். டேப் வளையத்தால் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். 4 மி.மீ. அதைவிட 1 மி.மீ. கூடுதலாக இருந்தால் நசுங்கி உந்தும்.

நான்காம் நாள்

ஒட்டும் பசையோடு வரும் 5 மி.மீ. ரப்பர் பட்டன். ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பின் நேற்று மாலையே ஒட்டி, இரவு முழுக்க மூடியைத் திறந்தே விட்டேன். பசை பிடிக்கும் முன் அழுத்தம் கொடுத்தால் பட்டன் நகர்ந்துவிடும்.

இன்று காலை காலியாக 20 முறை, ஆவணங்களோடு 20 முறை, மோட்டார் சூடாகாமல் இடைவெளி விட்டுச் சோதித்தேன். நாற்பதும் திறந்தது. கார் வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு, பிளாஸ்டிக் கொதிக்கும் நிலையில் 10 முறை. ஒருமுறை மட்டும் மூடி தயங்கி, பிறகு இறங்கியது. இடப்பக்கத்துப் பழைய குமிழை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கல் போல இறுகிக் கிடக்கிறது. அதையும் மாற்ற வேண்டும்.

கம்ப்ரஸர் டிக்கிக்குப் போய்விட்டது. மூடியின் உள்விளிம்பில் மெல்லிய நாடா ஒன்றை ஒட்டி, நுனி அரை அங்குலம் வெளியே தெரியும்படி விட்டிருக்கிறேன். அடுத்த முறை மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்க அது உதவும்.