ஜங்ஷன் வரை நாய் வரட்டும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ரயில் பயணத்தின் பெரிய சிரமம், பெரும்பாலும் பெட்டியில் ஏறும் முன்பே வந்துவிடும். நெல்லை ஜங்ஷனில் அறிவிப்பு, ஹாரன், டீ விற்கிறவர் குரல், சரக்கு வண்டியின் அதிர்வு எல்லாம் ஒன்றாகக் காதில் மோதும். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடும். பழகிய நாய் பக்கத்தில் படுத்திருந்தால் கைக்கு ஒரே வேலைதான்: முதுகைத் தடவுவது. அதில் மூச்சு நிதானப்படும். இஸ்தான்புல் விமான நிலையத்தில் 2024 முதல் இப்படிப் பழக்கிய நாய்கள் பயணிகளோடு இருக்கின்றன.

நம் ரயில்களில் ஏசி முதல் வகுப்பில் கூபே என்கிற இரண்டு படுக்கை அறையையோ, நான்கு படுக்கை அறையையோ முழுதாக எடுத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியான பிரேக் வேனில் உள்ள கூண்டுதான். திருச்செந்தூர் பாசஞ்சரில் நாய் துணைக்கு வராது. அதனால் ஸ்டேஷனைப் பழக்க மட்டும் நாயைக் கூட்டிப் போங்கள், அதுவும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு.

நாய்க்கு இரண்டு வயதாவது ஆகியிருக்கணும், ரேபிஸ் ஊசி தவறாமல் போட்டிருக்கணும். ராஜபாளையம் நமக்குப் பெருமைதான். ஆனால் அது காவல் நாய், அந்நியர் தொடுவது அதற்குப் பிடிக்காது. சாதுவான லேப்ரடாரோ நாட்டு நாயோ போதும். முந்தின நாள் குளிப்பாட்டுங்கள், வாசனை ஷாம்பு வேண்டாம். அந்த வாசனையே சில பிள்ளைகளை விரட்டிவிடும்.

காலையிலேயே போய்விடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாத சூடு என்றால் நாயின் பாதம் வெந்துபோகும். மூன்றடி தள்ளி, பிள்ளைக்குப் பக்கவாட்டில் நாயைப் படுக்க வையுங்கள். முகத்துக்கு நேராக வேண்டாம். "தொடுதியாய்யா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும். மாட்டேன் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், வற்புறுத்தினால் நாயின் மீதும் பயம் வந்துவிடும். வாரை எப்போதும் பெரியவர் கையில் வைத்திருங்கள்; பிள்ளையின் இடுப்பில் கட்டவே கூடாது, நாய் மிரண்டு இழுத்தால் தண்டவாளம் பக்கத்தில்தான் இருக்கிறது.

காரியம் கெடுவது பெரும்பாலும் பிளாட்பாரத் தெருநாய்களால்தான். அவை குரைத்தால் உடனே திரும்பிவிடுங்கள். உங்கள் நாய் உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, முகத்தைத் திருப்பினால் அதற்கும் போதும் என்று அர்த்தம். இருபது நிமிஷத்துக்கு மேல் நீட்டாதீர்கள். எந்த நாய் கீறினாலும் சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வண்டியில் நாய் வராது என்பதால், அடுத்தடுத்த தடவைகளில் நாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டேஷன் வாசல் பக்கம் நிறுத்தி, பிள்ளையை அது இல்லாமல் பிளாட்பாரத்தில் நிற்கப் பழக்குங்கள். முதல் பயணம் அடுத்த ஸ்டேஷனான பாளையங்கோட்டை வரை போதும். கந்த சஷ்டி, வைகாசி விசாகம் சமயத்தில் வேண்டாம், திருச்செந்தூர் வண்டியில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.