துருத்தியில் பிறந்த விமானம்

நேற்று மாலை திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நின்றபோது, சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேலே போனது. "மாமா, முதல் நாளே வானத்துக்குப் போய்விடுவார்களா?" என்று மருமகன் கேட்டான். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

தரையில் இருந்தபடியே பறக்கப் பழக்கும் விமானப் பாவனைக் கருவியைப் (simulator) பற்றிச் சொன்னேன். அதன் தொடக்கம் ஓர் இசைக்கருவித் தொழிற்சாலை. அமெரிக்காவில் தந்தையின் ஆர்கன் பட்டறையில் வேலை செய்த எட்வின் லிங்க், அங்கிருந்த துருத்திகளைக் கொண்டே 1929இல் ஆடிச் சாயும் ஒரு பெட்டி விமானத்தைச் செய்தார். ஆரம்பத்தில் இராணுவம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1934இல் தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் பனியிலும் முகிலிலும் வழிதவறி மாண்ட பிறகுதான் ஆறு கருவிகளை வாங்கியது. அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்ததே என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.

முகிலுக்குள் காது பொய் சொல்லும். விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், உட்காதின் திரவம் அடங்கி, நேராகப் போவதாகவே தோன்றும். உடலை நம்பாதே, கருவியை நம்பு என்று கற்பிக்க, விழுந்தாலும் சாகாத ஓர் இடம் வேண்டும்.

இன்றைய போர் விமானிகள் குவிமாடத் திரைக்குள் அமர்ந்து, இயந்திரம் தீப்பற்றுவதைக்கூடப் பழகுகிறார்கள். ஆனால் கூர்ந்த திருப்பத்தில் உடல் ஒன்பது மடங்கு கனப்பதை அந்த அறையால் தர முடியாது. அதற்கு, ஆளை வேகமாகச் சுழற்றி அந்தக் கனத்தை உணரவைக்கும் சுழல் இயந்திரம் தனியே இருக்கிறது.

1942 ஏப்ரல் 9இல் இதே சீனன்குடாவிலிருந்துதான் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் ஜப்பானியரை எதிர்க்க எழுந்தன. அதையும் அவனுக்குச் சொன்னேன்.