பேத்தை கடித்த வாலும் பிளாஸ்டர் அச்சும்

முட்டுக்காடு கழிமுகத்தில் கொடுவா மீனுக்குத் தூண்டிலில் ரப்பர் மீன் வீசுகிறவர்களிடம் பேத்தை மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொடுவா ஒரு தடவை தொடுவதற்குள் பேத்தை நாலு வாலைக் கத்தரித்துவிடும். வால் போன லூர், அதாவது போலி இரை, ஆடாது. ஆடாததைக் கொடுவா திரும்பியும் பார்க்காது. இறக்குமதிப் பாக்கெட் ஒன்றில் ஐந்தாறுதான் வரும். வாலில்லாத உடல்கள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்த பிறகுதான், இதையே உருக்கி மறுபடி வார்த்தால் என்ன என்று தோன்றியது.

நாம் ரப்பர் என்று சொன்னாலும் இவற்றில் பெரும்பாலானவை பிவிசிதான். பிவிசித் தூளை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெயில் கலந்து வைத்த திரவத்துக்கு பிளாஸ்டிசால் என்று பெயர். சூடாக்கினால் எண்ணெயைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். ஆறியதும் வளையும் பொருளாக இறுகும். 1949-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரான் ஊரில், நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டுச் சமையலறை அடுப்பில்தான் இப்படித் தூண்டிலுக்கான பிளாஸ்டிக் புழு வார்க்கத் தொடங்கினார்கள். தயவுசெய்து சமையலறை விஷயத்தில் மட்டும் அவர்களைப் பின்பற்ற வேண்டாம். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிவிசி கருகி ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடும். நான் மொட்டை மாடியில்தான் செய்கிறேன். பழைய மைக்ரோவேவ் ஒன்று இதற்கென்றே இருக்கிறது, சாப்பாடு அதற்குள் போகாது. அமில ஆவியையும் கரைப்பான் ஆவியையும் வடிகட்டும் குப்பி மாட்டிய முகமூடி, முழுக்கைச் சட்டை, தோல் கையுறை. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. உருகிய பிளாஸ்டிசால் தோலில் பட்டால் வழிந்து போகாது, அங்கேயே ஒட்டிக்கொண்டு வேகவைக்கும்.

முதலில் அச்சு. மீன் உருவின் அடிவயிற்றை பிளேடால் தட்டையாகச் சீவி, ஃபெவிகுவிக் வைத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஒட்டினேன். டப்பாவின் உள்பக்கமும் மீனின் மேலும் லேசாக வாஸலின். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. மீன் மேலேயே கொட்டாமல் டப்பாவின் மூலையில் ஊற்றி, அது தானாக ஏறி மூட விட வேண்டும். அப்புறம் டப்பாவைத் தரையில் தட்டத் தட்டக் குமிழ்கள் மேலே வரும். இறுகும்போது பிளாஸ்டர் தானே சூடாகும். அந்தச் சூடு தணிந்த பிறகு கவிழ்த்து மீனை உருவினால், முதுகு அடியில், வயிறு மேலே திறந்தபடி ஒரு பள்ளம் கிடைக்கும். லூர் வளைந்து கொடுக்கிறது என்பதால் உள்வளைவுகளில் இருந்தும் அச்சு உடையாமல் வந்துவிடும்.

இதற்கு மேல்தான் பொறுமை வேண்டும். கையில் தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். அடுப்பில் வைத்துச் சுட்டால் பிளாஸ்டரே மாவாக உதிர ஆரம்பிக்கும். அதனால் வெயில்தான். மளிகைத் தராசில் தினமும் அச்சை நிறுத்துப் பார்ப்பேன். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. ஈரம் மிச்சமிருந்தால், 170 டிகிரியில் பிளாஸ்டிசால் உள்ளே போனதும் அது நீராவியாகி மீனின் முதுகெல்லாம் அம்மைத் தழும்பு போட்டுவிடும். சில சமயம் வெளியேயும் தெறிக்கும்.

டப்பாவில் சேர்ந்த பழையவற்றை முதலில் பிரித்தேன். இழுத்தால் முழ நீளத்துக்கு நீளும், டிபிஇ என்ற வேறொரு பிளாஸ்டிக்கில் செய்த லூர்கள் பிவிசியோடு சேரவே சேராது. இரண்டையும் ஒரே குவளையில் உருக்கினால் கட்டிகட்டியாக ஒரு பசைதான் மிஞ்சும். தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிவிசியிலும் உப்பு கலந்ததைத் தனியே வைப்பது நல்லது. மீதியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, புது பிளாஸ்டிசாலும் கொஞ்சம் சேர்த்து உருக்கினேன். ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் லேசாக மஞ்சள் ஏறும் என்பதால் பழையதை மட்டும் வைத்து வெள்ளை மீன் வார்க்க முடியாது. எல்லாக் கலரும் சேர்ந்து பச்சையும் பழுப்புமாக ஒரு நிறம் வரும். கலங்கல் தண்ணீரில் அது மோசமில்லை.

புது பிளாஸ்டிசால் என்றால் தாலேட் என்ற பிளாஸ்டிசைசர் வகை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், தூள் அடியில் படிந்திருக்கும். போரோசில் குவளையில் ஊற்றி, மைக்ரோவேவில் ஒரு நிமிடம், வெளியே எடுத்துக் கிண்டல், மறுபடி அரை நிமிடம். வெள்ளையாக இருப்பது முதலில் களி மாதிரி இறுகும். கெட்டுவிட்டது என்று பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். தொடர்ந்து சூடாக்கினால் மறுபடி இளகி, 175 டிகிரி வாக்கில் கண்ணாடியாகத் தெளியும். அதுதான் பதம். அகச்சிவப்பு வெப்பமானி மேல்பரப்பை மட்டும்தான் காட்டும், ஆகவே கிண்டிவிட்டு உடனே அளக்க வேண்டும். கிண்டலும் மெதுவாக. வேகமாகக் கிண்டினால் காற்று உள்ளே போகும்.

கலர் சொட்டுச் சொட்டாக. மினுமினுப்புத் தூளைக் கடைசியில் போட்டேன், முன்னதாகப் போட்டால் அடியில் தங்கிவிடும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கைவேலை கிளிட்டர் இந்தச் சூட்டில் சாயம் விட்டுச் சுருண்டுவிடும். சூடு தாங்கும் பாலியெஸ்டர் கிளிட்டர்தான் வேண்டும்.

ஊற்றும்போது எனக்கு அதிகம் வேலை வைத்தது வால். வால்தட்டு அச்சுக்குள் குறுகலான செங்குத்துப் பள்ளமாக நிற்கிறது. நேரே ஊற்றினால் மேலே மூடிக்கொண்டு, அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். நூல் போல ஒழுகவிட்டு, பள்ளத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் இறக்கி, பல்குத்தும் குச்சியால் இரண்டு தரம் கிளறிவிட்டால் காற்று வெளியேறுகிறது. வாலையும் உடலையும் இணைக்கும் கழுத்து மிக மெல்லியது. அங்கே பிளாஸ்டிசால் ஆறிவிட்டால் முதல் வீச்சிலேயே அறுந்துவிடும்.

கடைச் சரக்கில் கிடைக்காத ஒன்று இங்கே நம் கையில் இருக்கிறது. கடினம். முட்டுக்காட்டில் நான் மெதுவாகத்தான் இழுப்பேன். அந்த வேகத்தில் வால் அடிக்க வேண்டுமென்றால் அது மெத்தென்று இருக்க வேண்டும். ஆனால் ஜிக் ஹெட் (எடைத் தலை வைத்த தூண்டில் முள்) ஏறும் தலைப்பக்கம் மெத்தென்று இருந்தால் இரண்டு இழுப்பில் கீழே சரிந்துவிடும். அதனால் இரண்டு குவளை வைத்துக்கொண்டேன். வாலுக்கும் கழுத்துக்கும் நூறு மில்லிக்குப் பத்து மில்லி மென்மையாக்கி சேர்த்தது, உடலுக்கு எதுவும் சேர்க்காதது. வாலை ஊற்றிய சூட்டோடு உடலுக்கு முதலில் முதுகுச் சாம்பல், மேலே வயிற்று வெள்ளை, மடவைக் குஞ்சின் நிறத்தில். ஒன்று ஆறிய பிறகு அடுத்ததை ஊற்றினால் அடுக்கடுக்காக உரிந்து வரும். பேத்தைக்கு மென்மையும் ஒன்றுதான், கடினமும் ஒன்றுதான், எதையும் கடிக்கும். வாலைக் கெட்டியாக்கி அதைச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கெட்டி வாலைப் பேத்தை கொஞ்சம் தாமதித்துக் கடிக்கும், கொடுவா கடிக்கவே கடிக்காது.

அச்சிலிருந்து எடுத்ததும் தட்டையான தட்டில் நேராகப் படுக்க வைத்து ஒரு நாள் விட வேண்டும். கோணலாக ஆறினால் அந்தக் கோணல் நிரந்தரம். ஒரு நாலு அங்குல மீனுக்குப் பத்து மில்லி அளவு போகிறது. மைக்ரோவேவ், முகமூடி, வெப்பமானி எல்லாம் சேர்த்தால் காசு மிச்சம் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம். வைப்பதற்கு பாலிப்ரோப்பிலீன் டப்பா அல்லது ஜிப் கவர் போதும். பாலிஸ்டைரீன் டப்பா என்றால் பிளாஸ்டிசைசர் அதையே இளக்கி ஒட்டவைத்துவிடும். வெள்ளையும் கறுப்பும் ஒரே கவரில் வேண்டாம், சாயம் ஏறும்.

இரண்டு பக்கமும் முழு உருண்டையாக வர அலுமினிய அச்சும் பிளாஸ்டிசாலை அதற்குள் செலுத்தும் ஊசியும் வாங்கச் சொல்கிறார்கள். அச்சு வேகமாக ஆறும், ஆயிரம் மீன் வார்த்தாலும் தேயாது. ஆனால் ஒரு அச்சு ஒரே உருவம்தான், வாங்கிய பிறகு மாற்ற முடியாது. பிளாஸ்டர் என்றால் இந்த வாரம் வாலை இரண்டு மில்லிமீட்டர் சிறிதாக்கிப் பார்க்கலாம். இப்போதைக்கு மாடியில் வெயிலில் காய்வது அப்படி ஒன்றுதான்.