'நைஸ்' என்ற ஒரு சொல்லை வைத்துத் தேறிய தாள்

ஆங்கில இலக்கிய முதுகலையில் மொழி வரலாற்றுத் தாளை நான் இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன். முதல் முறை, சொற்பொருள் மாற்றம் பற்றிய நெடுவினாவுக்கு உயர்பொருட்பேறு (சொல்லின் பொருள் காலப்போக்கில் உயர்வது), இழிபொருட்பேறு (பொருள் தாழ்வது) என்று வரையறைகளை ஒப்பித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல்லை மட்டும் உதாரணமாக வைத்துவிட்டு வந்தேன். பதினைந்துக்கு ஐந்து கிடைத்தது.

மறுமுறை 'நைஸ்' என்ற ஒரே பெயரடையின் வரலாற்றை முழுமையாகப் படித்தேன். இலத்தீனில் 'நெ' என்பது இன்மையையும் 'ஸ்கீரே' என்பது அறிதலையும் குறிக்க, இரண்டும் சேர்ந்த 'நெஸ்கியுஸ்' அறியாதவனைச் சுட்டியது. ('சயின்ஸ்' என்ற சொல்லும் இதே 'ஸ்கீரே'யின் வழி வந்ததுதான்.) பழைய பிரெஞ்சு வழியாக 1300ஐ ஒட்டி இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, ஒருவரை 'நைஸ்' என்றால் அவரை மூடர் என்று ஏசியதாகவே பொருள். அங்கிருந்து பகட்டு, கூச்சம், எதிலும் குறை காணும் நாசூக்கு என்று நகர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் நுட்பம், துல்லியம் என்ற பொருளை எட்டியது. 'இனிய' என்ற இன்றைய பொருள் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான்.

இடறும் இடம் அந்த நுட்பப் பொருள்தான். 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்ற தொடருக்கு நேரே பென்சிலால் 'நல்ல வேறுபாடு' என்று நான் எழுதி வைத்த பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'நுண்ணிய வேறுபாடு' என்பதே சரி. மாவு மில்லில் "நைஸா அரைக்கணுமா, கொரகொரப்பாவா?" என்று கேட்கிறார்களே, அந்த நைஸை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

விடையில் இலக்கியச் சான்று ஒன்று அவசியம். ஜேன் ஆஸ்டின் மறைந்தபின் 1817 இறுதியில் வெளிவந்த 'நார்த்தேங்கர் ஆபி' நாவலில், ஒரு நாவலை 'நைஸ்' என்று புகழும் கேத்தரினை ஹென்றி டில்னி கேலி செய்யும் உரையாடல், புதிய பொருள் எவ்வளவு மலிந்துவிட்டது என்பதைக் காட்டப் போதுமானது. ஆனால் ஒரு பொருள் முடிந்த ஆண்டில் அடுத்தது தொடங்கியது போலக் கோடு கிழித்து எழுதாதீர்கள். பொருள்கள் நெடுங்காலம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே வழங்கின, பழைய வாக்கியங்கள் சிலவற்றில் எந்தப் பொருள் என்று அறுதியிடவே முடியாது.

இடமிருந்தால், "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்ற குறளில் மணமாக இருந்த நாற்றம் இன்று எதிர்த்திசையில் இழிந்ததை இரண்டு வரியில் ஒப்பிடலாம். அதற்குமேல் வளர்த்தால், கேட்ட கேள்வி ஆங்கிலத்தைப் பற்றியது என்பது மறந்துபோகும்.