நிற்கும் ‘செட்’, ஓடும் ‘ரன்’

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட ‘செட்’, ‘ரன்’ என்னும் இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்கு நெடுநாள் பொழுதுபோக்கு. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்பதற்கே உரியதாக இருந்தது. பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களுடன் அதை முந்திவிட்டது.

எண்ணிக்கையைவிட, அவை பெருகிய விதமே சுவையானது. ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, நனைந்த துணியில் சாயம் இறங்குவது, இயந்திரம் இயங்குவது, ஒருவர் நிறுவனத்தை நடத்துவது என எதை எடுத்தாலும், ‘ரன்’ என்பதன் அடியில் ஏதோவொரு நகர்வு தெரிகிறது. தேர்தலில் நாம் ‘நிற்கிறோம்’, அமெரிக்கர்கள் ‘ஓடுகிறார்கள்’. பிரிட்டனில், நல்லவேளையாக, நம்மைப் போலவே நிற்கிறார்கள்!

‘செட்’ அப்படியன்று. ‘உட்காரச் செய்தல்’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையும், குழுவைக் குறித்து லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பெயர்ச்சொல்லும் ஒரே வடிவத்துக்குள் கலந்துவிட்டன. சிமென்ட் இறுகுவதும் அலாரம் வைப்பதும் முன்னதன் வழி வந்தவை. ஒருசேரப் பழகும் நண்பர் கூட்டத்தை ‘செட்’ என்பது பின்னதன் சாயல். கூரை ஓடும், காலால் ஓடும் ‘ஓடு’ம் தமிழில் ஒன்றுபோல் ஒலிப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

‘எனக்கு இது செட் ஆகாது’ என்கிறோமே, அந்தப் பொருள் மட்டும் நாமே சேர்த்தது.